கவனக்குறைவு

லாரி வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

ஊர்க்காரர்களே பங்கு போட்டு நடத்தும் சூரிய மின்சாரச் சங்கம் எங்களுடையது. அதில் கொள்முதல் பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும்தான். இருநூற்று நாற்பது பேனல் வாங்க ஐந்து மாதம் நாயாய் அலைந்திருந்தேன். விலை ஒத்துவந்தால் சரக்கு இருக்காது. சரக்கு இருந்தால் விலை எட்டாது. பள்ளிக்கூடக் கூரையில் மாட்டிவைத்த கம்பிச் சட்டங்கள் எலும்புக்கூடாக நின்றுகொண்டிருந்தன.

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "எப்ப வருது?" என்று கேட்டார்கள். மாமியார் மட்டும் கேட்பதை விட்டுவிட்டார். "உன் பேனல் வர்றதுக்குள்ள சூரியனே ரிட்டயர் ஆயிடும்" என்று ஒருநாள் சொன்னதோடு சரி.

கடைசியில் பேனல் தர ஒத்துக்கொண்ட இந்தக் கம்பெனியைக் கண்டுபிடித்தது நான். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நம்பி வாங்கலாம் என்று சொன்னதும் நான்.

எட்டுக் கட்டு, கட்டுக்கு முப்பது. முதல் இரண்டு கட்டையும் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. அலுமினியச் சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. மீதி ஆறையும் பிரித்துப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. ஐந்து மாதம் காத்திருந்தவளுக்கு நம்புவது சுலபம்.

"மத்ததை அப்படியே இறக்கி அடுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ரசீதை எடுத்தேன்.

சுமை இறக்குபவர்களில் ஒருவர் அன்று வரவில்லை. லாரி டிரைவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேலே ஏறினார். அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர். ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

மூன்றாவது கட்டின் நாடாவை அறுத்தார். ஒரு பேனலை இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் இன்னொருவருமாகப் பிடித்து இறக்கினார்கள்.

தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது அவர் பக்கம் நழுவியது.

ஓரத்தில் நாலு துணுக்கு உதிர்ந்தது. மற்றபடி கண்ணாடி சிதறவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் முழுக்கச் சிலந்தி வலையாக விரிசல் ஓடி நின்றது.

ஐந்து மாதக் களைப்பு மொத்தத்தையும் அவர் தலையில் கொட்டினேன். வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

சேதப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று அழுத்தி எழுதி நீட்டினேன். நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்து நிரப்ப வேண்டியது பேனலின் வரிசை எண். அது பின்பக்கம் ஒட்டியிருக்கும்.

புரட்டினோம்.

சட்டத்தில் நான்கு இடத்தில், போல்ட் இறுகிப் பதிந்த வட்டத் தழும்பு. மூலைகளில் துணி எட்டாத அழுக்கு. எண் அச்சிட்ட தாள் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

யாரோ ஒருவரின் கூரையில் வருஷக்கணக்கில் காய்ந்து, கழற்றிப் போட்டதைத் துடைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆறு கட்டையும் பிரிக்கச் சொன்னேன். அத்தனையும் பழசு. புதியவை இரண்டு கட்டுதான், லாரிக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தவை.

சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். ரிட்டயரான வாத்தியார். "ஓடுற வரைக்கும் ஓடட்டுமேம்மா. கூட்டத்துல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

"நிக்கப்போறது நான்தானே சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எட்டுக் கட்டும், உடைந்ததும், திரும்ப லாரியில் ஏறின. டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். படிவத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்தேன். எங்கள் கிடங்குக்காரர் கண்ணாடித் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அதிசயமா இருக்கும்மா" என்றார். "முன்னாடி நான் கண்ணாடிக் கடையில இருந்தப்ப சரக்குக் கொண்டுவர்றது இவர்தான். பன்னெண்டு வருஷம். இவர் கை பட்டு ஒரு துண்டு உடைஞ்சு நான் பார்த்ததில்ல."

அவர் கூட்டி முடிக்கும்வரை அந்தப் படியிலேயே இருந்தேன்.

பிறகு உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதில் இருந்த டிரைவர் எண்ணைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன். அந்தக் காரணத்தை அடிச்சுட்டு வேற எழுதி உங்க கம்பெனிக்கு அனுப்பிடறேன். உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுதான்..."

அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "ரெண்டு பொண்ணுங்க படிச்சிட்டிருக்கு. கை வழுக்கினதாவே இருக்கட்டும்."

படிவத்தை அடிக்காமலே கோப்பில் வைத்தேன்.