காதுகுத்தைக் கெடுத்த புத்தகம்

புதுக்கோட்டைக்குப் போய்வந்த கடலை வியாபாரி கண்ணுசாமியின் கையில் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் இருந்தது. 'வெட்கப்படாமல் வாழ்' என்று பெயர். மறுநாளே மனிதர் அதன்படி வாழத் தொடங்கிவிட்டார்.

மகளின் காதுகுத்துக்கு விருந்து கிடையாது, யாரிடமும் சீர் வாங்குவதில்லை என்று அறிவித்தார். தாய்மாமன் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் போதுமாம்.

கறம்பக்குடி முழுக்க அவர் தலைதான் உருண்டது. வடிகட்டின கருமி என்றார்கள். மனைவி செவந்தி அழுதே விட்டாள்.

"எங்கண்ணன் சீர்த்தட்டோட வாரதை நாலு பேரு பாக்க வேணாமா? அப்படி என்னதான் எழுதியிருக்கு அந்தப் புத்தகத்துல?"

"ஊருக்காக வாழாதேன்னு எழுதியிருக்கு."

கண்ணுசாமி கடலைக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பக்கத்து ஜவுளிக்கடை பிச்சைமுத்துவுக்கும் அதே குறுகுறுப்பு. சீர்த்துணி வியாபாரம் போன வயிற்றெரிச்சல் வேறு. புத்தகத்தை இரவல் வாங்கிக் கடையிலேயே உட்கார்ந்து படித்தார்.

முகத்தில் அடித்தாற்போல் எழுதியிருந்தான் பாவி. 'உன் விருந்தை ஊர் ஏப்பம் விடும்வரைதான் நினைக்கும்' என்றான் ஓரிடத்தில். பிச்சைமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கீழே வைக்க முடியவில்லை. காதுகுத்தைப் பற்றி எங்கே தேடியும் ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை: 'கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு ஒரு நல்லது செய்து பார்.'

அதெப்படி முடியும் என்று மூடி வைத்தார்.

காதுகுத்தன்று செவந்தியின் அண்ணன் மலையாண்டி மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து அழுது முடித்தது. வெளியே வந்தபோது, மாட்டு ஜோடி லட்சணமாக இருப்பதாகப் பிச்சைமுத்து மெச்சினார்.

மலையாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"கைவிட்டுப் போயிருக்க வேண்டியதுங்க. இந்த வருசம் நமக்கு வெள்ளாமை இல்லை. இதுகளை வித்துத்தான் சீரு செய்யணும்னு, தெரிஞ்சவுக கண்ணுல படாம புதுக்கோட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். கைமேல துண்டைப் போட்டு, விரலைப் பிடிச்சு வெலை பேசுறப்ப எதிர்க்க எங்க மாப்பிள்ளை நிக்கிறாரு. நல்லவேளை, என்னைப் பாக்கலை. அன்னிக்கு வெலை படியலை. மறுநாளே சீரு வேணாம்னு சொல்லிவிட்டுட்டாரு."

பிச்சைமுத்து கடைக்குத் திரும்பினார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே கண்ணுசாமியிடம் போனார்.

"அன்னிக்குச் சந்தையில நீங்க..."

கண்ணுசாமி கையமர்த்திவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து செவந்தியின் குரல் வந்தது. "அந்தப் பாழாப்போன புத்தகத்தை அடுப்புல வச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

கண்ணுசாமி அதை அவளிடம் நீட்டினார்.

"அடுப்புலயே வச்சிரு செவந்தி. இனிமே அதுக்கு வேலை இல்லை."