சிவப்பு அம்பு

துவைக்கப் போடும் முன் கணவரின் சட்டைப் பையில் கையை விட்டாள். மறுபடியும் அதே மாதிரிக் காகிதம்.

மின்கட்டண ரசீது. மேலே அவர் பெயர். கீழே பக்கத்து மாநிலத்தில் ஒரு தெரு, ஒரு கதவு எண். இது மூன்றாவது.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவள் செக்கர். தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். சரிசெய்து திரும்பி வந்ததும் அம்பை உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொள்வாள். ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி பார்க்கிற கண், வீட்டில்தான் பதினாலு மாதமாகக் கோட்டை விட்டிருக்கிறது.

கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். முகவரிக்கு நேரே ஓர் அம்பு. மற்ற இரண்டு ரசீதுகளிலும் ஏற்கெனவே ஒட்டியிருந்தாள். மூன்றையும் அலமாரித் தட்டில் விரித்திருந்த தாளுக்கு அடியில் வைத்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊர்க் கிளைக்குக் கம்பெனி தூக்கிப் போட்டுவிட்டது என்றுதான் கிளம்பிப் போனார். கிடங்கிலேயே படுக்கை, வாடகை இல்லை என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து போவார். கிடங்கில் படுக்கிறவர் பெயரில் மின்கட்டணம் எதற்கு?

போன வாரம் அவருடைய பழைய கிளையின் ஸ்டோர் கீப்பரைக் கடைத்தெருவில் பார்த்தாள். இப்படிக் குடும்பத்தைப் பிரித்துவிட்டீர்களே என்று குறைப்பட்டாள்.

"நாங்க எங்கம்மா பிரிச்சோம்? அவரேதான் எழுதிக் கொடுத்து, கெஞ்சி வாங்கிட்டுப் போனாரு. அங்க படிகூடக் கம்மி."

அன்று வாங்கப் போனதை வாங்காமலே திரும்பினாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் ஃபோன் செய்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குக் கால்நடை மருத்துவம்தான். சொந்த மாநிலத்தில் அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு, அவளுக்கு எட்டாது; தனியாரில்தான் கிடைக்கும். வீட்டை விற்றாலும் கட்ட முடியாது, விற்க வீடும் இல்லை. பக்கத்து மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி. அதற்கும் ஒரு வாரமாக நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

வெளிமாநிலத்துக்கு இருபது இடம். போன வருஷம் நானூற்றுப் பத்தாவது ரேங்கோடு முடிந்துவிட்டது. அவளுடையது ஆயிரத்து இருநூற்று நாற்பது. தப்பித்தவறிக் கிடைத்தாலும் ஃபீஸ் மூன்று மடங்கு.

"நமக்கு ஆகாதுப்பா. விட்டுடலாம்."

பிறகு அவர் கேட்டார். "அந்த மாநிலத்துப் பிள்ளைன்னா எவ்வளவு? அதையும் பார்த்து வை பாப்பா."

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி நின்றது.

அந்த மாநிலத்துப் பிள்ளை. அப்படியானால் பிள்ளை வரைக்கும் போயிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது. அங்கே இருக்கிறவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்தாள். மகள் பக்கத்தில் இருக்கிறாளே என்றுகூட யோசிக்கவில்லை.

"அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு எவ்வளவுன்னு கேட்டீங்களே. எந்தப் பிள்ளைக்கு?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார்.

"இவளுக்குத்தான்."

பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் தரையில் விரித்தார். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், குடியிருப்புச் சான்று. பெற்றோரில் ஒருவர் அங்கே ஒரு வருஷம் வேலை பார்த்துக் குடியிருந்தால் பிள்ளையை உள்மாநிலமாகவே எடுத்துக்கொள்வார்களாம். அதே இடங்கள், அதே ஃபீஸ். யாரோ ஒரு வாத்தியார் வீட்டு லிஃப்டைச் சரிசெய்யப் போனபோது தெரிந்துகொண்டாராம்.

"இத்தனை நாளா ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா உங்கம்மா விடுவாளா? உனக்கும் மார்க் வராமப் போச்சுன்னா, அப்பா சும்மாவே அங்க போய்க் கிடந்தார்னு உட்கார்ந்து அழுவே. மார்க் வந்த அப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மகள் நோட்டைப் பிரித்தாள். உள்மாநிலத்துக்குக் கடைசி ரேங்க் ஆயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தாள்.

"கிடைச்சிடும்ப்பா."

"கிடைக்கணும். ஆனா ஒரு சிக்கல்." அவர் குரல் இறங்கியது. "பன்னிரண்டு மாசத்து கரண்ட் பில்லும் விட்டுப்போகாம இருக்கணும். என்கிட்ட ஒன்பதுதான் இருக்கு. மூணு எங்க விழுந்துச்சோ. நகல் கேட்டா பத்து நாள்ங்கிறான். திங்கக்கிழமை கடைசி."

மகள் நோட்டை மூடினாள்.

"வேற ஏதாவது வழி இருக்கும்ப்பா. ஃபார்மை முழுக்கப் படிச்சுப் பார்ப்போம்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. தாளைத் தூக்கினாள். காகிதம் கிழிந்துவிடாமல், நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒவ்வோர் அம்பாக உரித்துப் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் விண்ணப்பத்தின் மேல் குனிந்திருந்தார்கள். அவள் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, மாதத்தைப் பார்த்து, மூன்று ரசீதுகளையும் அதனதன் இடத்தில் செருகினாள்.