மூன்று ஸ்பூன் சர்க்கரை

"சிவந்தி! ஒரு டீ. சக்கரை மூணு ஸ்பூனு, மறந்துடாத!"

லாரி கேபினிலிருந்து உபைதுல்லா பாய் குரல் கொடுத்ததும், அவர் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் ரெஜிக்குச் சுருக்கென்றது.

ஹார்பருக்குள் போக திருவொற்றியூர் சாலையில் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு, மாதம் ஒருநாள் சுகர் பார்க்க வருகிறவள் அவள். கால்விரலை எடுக்க வேண்டி வரும் என்று பாயிடம் டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார்.

"பாய், உங்களுக்குக் கால் வேணுமா, வேணாமா?"

"கால் இல்லாம பிரேக்க எப்டி மிதிக்கிறது? ஆனா சக்கரை இல்லாம இந்த லைன்ல எப்டி குந்திகினு கீறது, சொல்லு! ஒரு நாளைக்குப் பத்து டீ ஓடுது."

கீழே தள்ளுவண்டிக் கடையில் சிவந்தி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். டங், டங், டங். பாய் கண்ணை மூடி எண்ணினார். பிறகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கலக்கும் சத்தம். கிளாஸ் ஜன்னல் வழியே மேலே வந்தது.

"வேற கடை டீயெல்லாம் இப்ப திகட்டுது சிஸ்டர். பாகு மாதிரி கீது. சிவந்தி கைதான் கரெக்டு."

ரெஜி அவர் கைவிரலில் குத்தி மிஷினைப் பார்த்தாள். நூற்று ஐம்பது.

மிஷின் கெட்டுவிட்டதோ? வேறு விரலில் குத்தினாள். நூற்று நாற்பத்தெட்டு.

போன ஆடியில் முந்நூற்று எண்பது! அதற்கப்புறம் அவள் வரும் நாளில் பாய் லாரி லைனில் சிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், புண்ணும் ஓரத்தில் காய்ந்துதான் இருந்தது.

"பாத்தியா? மூணு ஸ்பூனு போட்டும் கொறஞ்சிகினு கீது!" பாய் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ரெஜி இறங்கி நேராகக் கடைக்குப் போனாள்.

"ஏன்க்கா, அவர்தான் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறார்னா, நீங்க கூடை கூடையா மண்ணை எடுத்துக் கொடுக்கறீங்களே! மாத்திரை ஏதோ காப்பாத்துது. எத்தனை நாளைக்கு?"

"கத்தாத சிஸ்டர், பாய் காதுல வுழப்போவுது." சிவந்தி குரலைத் தணித்தாள். "மொதல்ல நானும் திட்னேன். சக்கரை போட மாட்டேன்னேன். எதிர்க்கடைக்குப் போயி நாலு ஸ்பூனு போட்டுக் குடிச்சாரு. எனுக்கு பேஜாரா பூட்ச்சு. கெஞ்சி இட்டாந்தேன்."

"அப்புறம்?"

"அப்பாலதான் வாரத்துக்கு ஒரு சிட்டிகையா கொறச்சேன். எட்டு மாசமா."

ரெஜி டப்பாவைப் பார்த்தாள்.

"இப்ப... எவ்வளவு போடறீங்க?"

சிவந்தி டப்பாவை அவள் கையில் வைத்தாள்.

மேலே கேபினில் பாய் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஆகா! சக்கரைன்னா இது சக்கரை!" என்றார்.

ரெஜி டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஸ்பூன் மட்டும் கிடந்தது. ஓர் எறும்புகூட இல்லை.