எஸ்தர் அக்காவின் மூட்டுவலி

"எஸ்தர் அக்கா பேரம் பேசவே மாட்டாங்க மேடம். ஆப்புல இருக்குற அந்தப் பேரம் பேசுற பட்டனத் தூக்கிடலாம்," என்றான் கிஷோர்.

"தூக்கிடு. பாவம், அவங்களுக்கு மூட்டுவலி வேற," என்று உருகினார் பேராசிரியர் ஜுவேரியா.

மீன் விற்பவர்களுக்காகச் செயலி வடிவமைக்கும் அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில், எஸ்தரைக் கேட்காமல் ஒரு புள்ளிகூட நகராது.

செயலியைச் சோதித்துப் பார்க்க ஊரூர் குப்பத்திலிருந்து வந்திருந்த மீன்காரி வசந்தி குறுக்கிட்டாள்.

"இன்னாது, பேரம் பேசாம மீன் யாவாரமா? எனக்குத் தெரியாம எந்தக் குப்பத்துலம்மா இருக்கா அந்த எஸ்தரு?"

கிஷோர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பெருமையாகக் காட்டினான்.

"நாங்களே கற்பனையில உருவாக்குன மீன்காரம்மா. மூட்டுவலிகூட நான் குடுத்ததுதான்."

ஜுவேரியா வசந்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிஷோரின் காதில் கிசுகிசுத்தார்.

"எஸ்தர் மாதிரியே இல்லையேப்பா! அடுத்த தடவையாவது நிஜமான மீன்காரம்மாவாப் பாத்துக் கூட்டிட்டு வா."