மேலே நின்றால் எல்லாம் தெரியும்

ராதா பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையப் பேருந்து நிற்கும் பக்கம் திரும்பியதும் மங்களத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பெட்டி!

ஜீவனஹள்ளியில் அவள் பஸ் ஏறியபோதே மங்களத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்றான நாளிலிருந்து, பிறத்தியார் பின்னால் போகிற செலவு அவளுக்கு மிச்சம்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கீழே நின்றால் முதுகுகள்தான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் நடைமேம்பாலத்தில் ஏறிவிடுவார்கள். எந்தப் பிளாட்பாரத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது வரை தெரியும். இறங்குவதற்குத்தான் ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் தனிப் படிக்கட்டு.

மங்களம் கைப்பிடிக் கம்பியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

கீழே ராதா, பெட்டியைத் தூணோரம் நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஏர்போர்ட் பஸ்ஸில் இலவசம் கிடையாது. அப்படியானால் வரப்போகிறவன் வசதியானவன்தான்.

இப்படியும் பெண்ணை வளர்க்கிறார்களே! தன் மகள் தர்ஷினி தெருவில் இறங்கினால் தலை நிமிரமாட்டாள். காலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனபோதும் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை முகத்தைக்கூட அவள் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை என்பதைத் தெரு முழுக்க மங்களமே சொல்லி முடித்திருந்தாள்.

போட்டோ எடுத்தாள். தெரு வாட்ஸப் குழுவில் போட்டாள். அதிலேயே பக்கத்து வீட்டு டோரதிக்குக் குரல் பதிவும் போட்டாள்.

"டோரதி, பாத்தியாடி கூத்த? எதுத்த வூட்டு மருமவ பொட்டியோட ஓடுறா! இரு, ஆள் யாருன்னு பாத்துட்டு சொல்றேன்."

பஸ் வந்து நின்றது. கூடவே போனில் டோரதியின் குரலும் வந்தது, கொஞ்சம் இழுத்து இழுத்து.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க... அந்தப் பொட்டி பிடியில செவப்புத் துணி கட்டியிருக்கு பாருங்க. அது உங்க வூட்டுது இல்ல?"

கட்டியவள் மங்களமேதான். திருப்பதிக்குப் போனபோது, எத்தனை கூட்டத்திலும் தன் பெட்டி தனியாகத் தெரியவேண்டுமென்று பழைய புடவையைக் கிழித்துக் கட்டியது. கட்டிலுக்கடியில் இருக்கவேண்டிய பெட்டி.

ஜீவனஹள்ளியிலிருந்து அதன் பின்னாலேயேதான் வந்திருக்கிறாள். ராதாவின் முகத்தை விட்டுக் கண் கீழே இறங்கவேயில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பெட்டியை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை ராதாவை இழுத்து அணைத்தது.

இரண்டும் ஒரே பெண்ணின் கைகள். கூட எந்த ஆளும் இல்லை.

மங்களம் படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். பக்கத்துப் பிளாட்பாரத்துப் படிக்கட்டு அது. நடுவில் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் உறுமிக்கொண்டு பஸ்கள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆள் யார், ஆள் யார் என்று தெருவே கேட்டது.

தர்ஷினி பஸ் படியில் கால் வைத்தாள். ஒருமுறை நிமிர்ந்திருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பாள்.

நிமிரவில்லை. வளர்ப்பு அப்படி.