சகலனுடைய கொழும்பு ஆள்

நடராசாவின் கைத்தொலைபேசி மேசையில் கிடந்து அடித்தபோது, திரையில் வந்த பெயரை இராசநாயகம் வடிவாகப் பார்த்துவிட்டார். 'கொழும்பு' என்றிருந்தது. நடராசா பாய்ந்து வந்து அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் இந்தப் பக்கம் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் உடனே பங்குத் தரகருக்கு அழைப்பெடுத்து, தன்னிடமிருந்த சீமெந்துப் பங்குகளை விற்கச் சொன்னார். மனுசனுக்குப் பைத்தியம் என்று இராசநாயகம் உள்ளுக்குள் சிரித்தார். அடுத்த கிழமையே சீமெந்து விலை படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவரும் அக்காவையும் தங்கையையும் கட்டிய சகலன்மார். வட்டுக்கோட்டையில் ஒரே ஒழுங்கையில் வீடு. மூத்தவளைக் கட்டிய நடராசா கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இராசநாயகமோ வணிகக் கல்வி படிப்பித்த வாத்தியார்.

பங்கு வாங்கிய ஊர்ச் சனம் சந்தேகம் கேட்டு வருவது வாத்தியாரிடம்தான். எல்லாக் காசையும் ஒரு கொம்பனியில் போடலாமா? விலை விழுந்தால் விற்பதா, வைத்திருப்பதா? வருகிற இலாபப் பங்கைச் செலவழிப்பதா, திருப்பிப் போடுவதா? எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுவார். பிரித்துப் போடுங்கள், பொறுமையாக இருங்கள், விலை ஏறிய பிறகு பின்னால் ஓடாதீர்கள் என்பார். சும்மா சொல்லக்கூடாது, அத்தனையும் நல்ல புத்திமதி. அவர் மட்டும் அதில் ஒன்றையும் கேட்பதில்லை. பேப்பரில் ஒரு கொம்பனியைப் புகழ்ந்து எழுதிவிட்டால் போதும், அன்றைக்கே அதன் தலையில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

கொட்டிய காசு மகள் வினோஜாவின் கலியாணத்துக்கென்று வைத்திருந்தது. வைகாசியில் நாள் குறித்தாயிற்று. போட்டதில் பாதியாவது மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

நல்ல வேளை, பராசக்தி குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு மனைவி என்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இவளோ காலையில் தேத்தண்ணியை நீட்டி, இன்றைக்கு எதை வாங்கப் போகிறார் என்று ஆசையாக விசாரிப்பாள். கடைசிக் காலத்திலாவது மனிசிக்குப் பங்குச் சந்தையில் ஆர்வம் வந்ததே என்று அவருக்குச் சந்தோசம்.

ஆனால் நடராசாவை நினைத்தால் வயிறு எரிந்தது. அந்த மனுசன் விற்றால் விலை இறங்குகிறது, வாங்கினால் ஏறுகிறது. பேப்பர்கூட ஒழுங்காகப் படிக்காதவருக்கு இது எப்படி முடியும்? கொம்பனிக்குள் இருக்கிற யாரோ இரகசியத்தைக் கக்குகிறான். அது சட்டப்படி குற்றம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, கொழும்பிலை ஆர் உங்களுக்கு ஆள்?"

நடராசாவின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "உந்தக் கதையை விடும். நம்பிக்கையான இடத்திலையிருந்து ஒரு சொல் வரும். நான் அதின்படி செய்யிறன், அவ்வளவுதான்."

எந்த இடம் என்று எவ்வளவு துருவியும் மனுசன் வாய் திறக்கவில்லை. கள்ளம் இருக்கப்போய்த்தானே மறைக்கிறார் என்று இராசநாயகம் முடிவு கட்டினார்.

யாழ்ப்பாணத்தான் கோபம் வந்தால் கையை ஓங்கமாட்டான், பெட்டிசம் எழுதுவான். இராசநாயகமும் எழுதினார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற பெரியவர்களுக்கு விலாசமிட்டு, கொம்பனி இரகசியம் களவு போகிறது, அந்த உளவாளியையும் அவனுக்கு உடந்தையானவர்களையும் பிடித்து மறியலில் அடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆளை மட்டும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் போதும். ஒன்று, அந்தத் தகவல் தனக்கும் வரவேண்டும், வினோஜாவின் காசை மீட்டுவிடலாம். இல்லையென்றால் பெட்டிசம் போகும்.

மறுநாள் காலை பெட்டிசத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட ஆயத்தமானார். பராசக்தி வழக்கம்போலத் தேத்தண்ணியோடு வந்தாள். இன்றைக்கு ஒரு தேயிலைக் கொம்பனியை வாங்கப் போவதாகவும், பஸ் எடுத்து யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்த் தரகரை நேரிலேயே காணப் போவதாகவும் சொன்னார்.

"நல்லது, போட்டு வாங்கோ. போற வழியிலை அத்தானோடை சண்டை கொழுவிப் போடாதேங்கோ" என்றாள் அவள்.

படலையைத் தாண்டியதும் பஸ் தரிப்பிடத்துக்குப் போகாமல் நேரே நடராசா வீட்டுக்குள் நுழைந்தார். நடராசா கிணற்றடியில் முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு நின்றார். விறாந்தை மேசையில் கைத்தொலைபேசி கிடந்தது. இராசநாயகம் பக்கத்துக் கதிரையில் போய் இருந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. திரையில் 'கொழும்பு'.

"அதை எடுக்காதையும்!" என்று நடராசா கண்ணைத் திறக்க முடியாமல் கத்தினார். வாளி உருண்டது.

இராசநாயகம் ஒரு கையால் பெட்டிசத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுகையால் தொலைபேசியை எடுத்துச் சத்தம் காட்டாமல் காதில் வைத்தார்.

"அத்தான், இவர் இண்டைக்குத் தேயிலை வாங்கப் போறாராம், எங்கடை தேயிலையை முழுக்க வித்துப்போடுங்கோ."