நான்காவது ஆளுக்கான காற்று

12 ஜூன் 2071

தவறு என்னுடையது. செடி வளர்ப்பு மாலை வகுப்பில் சொன்னபடி, வீட்டுக்குக் காற்று தரும் கூடத்துச் செடிகளின் கொழுந்துகளை வலைக்கு அடியில் மடக்கி மேற்பரப்பைச் சமமாக்கினேன்; செழிப்பான ஒன்றை மட்டும் மடக்க மனம் வரவில்லை. அதன் நிழலில் மற்றவை வெளிறிவிட்டன. இன்று காற்றை அளக்க வந்த அதிகாரி, இந்த வீட்டுக் காற்று மூன்று பேருக்குத்தான் போதும் என்று எழுதிவிட்டார். அக்கா, அத்தான், நான். அக்காவின் குழந்தை பிறந்து பத்து நாளாக மருத்துவமனையில் காத்திருக்கிறது; அதற்கும் காற்று இருந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

"செடி தேறுற வரைக்கும் நான் வகுப்புலயே படுத்துக்கறேன்க்கா. அங்க காத்து நிறைய இருக்கு."

"அங்க இருக்கற செடிக்கும் செல்லம் கொடுத்துக் கெடுத்துடாதடி," என்ற அக்கா, என் தலையணைக்குப் புது உறை போட்டுக் கொடுத்தாள்.

நாளை காலை அந்தக் கொழுந்தை மடக்க வேண்டும். குழந்தை உள்ளே வருமுன் நான் வெளியேறி, வாசலில் நின்று அதன் முகம் பார்க்க வேண்டும்.